செங்கல் சுவருக்குச் சுண்ணாம்பு: செலவு எங்கே போகிறது?

பூசாமல் விட்ட செங்கல் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும், பெயிண்டைவிட மலிவுதானே என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். திரும்பப் படித்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இப்போது கொஞ்சம் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டு, நாலு வருடம் கழித்து 'ஏன்டா இதைச் செய்தோம்' என்று சுவரைப் பார்த்து நிற்க வேண்டி வருமா என்பதுதான் அது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாக நான் சொல்லப் போவதில்லை. கூலி இடத்துக்கு இடம் மாறும், அது ஒரு காரணம். ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இந்த வேலையில் ஒன்றுக்கு ஆகும் செலவு இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு வரலாம். அது ஏன் என்று புரிந்துவிட்டால் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். பல வருடமாகச் சுண்ணாம்பு வேலை செய்தும் செய்ய வைத்தும் வருகிறேன். அதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு கிண்ணம் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். சுவரில் நாலைந்து இடங்களில் தெளியுங்கள். தரையை ஒட்டி ஓர் இடம், தலைக்கு மேல் ஓர் இடம், மழைச்சாரல் அடிக்கும் பக்கம், நிழல் பக்கம். தண்ணீர் பட்டதும் செங்கல் கருத்து, ஓரிரு நிமிடத்தில் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் அந்தச் சுவர் சுண்ணாம்பை ஏற்கும். துளியாக நின்று வழிந்து இறங்கினால் ஏற்காது. அப்படி வழிந்தால் அங்கே ஏற்கெனவே பெயிண்ட் இருக்கலாம், நீர் புகாமல் இருக்க யாராவது சிலிக்கோன் திரவம் அடித்திருக்கலாம், அல்லது செங்கலே கண்ணாடி போல இறுகச் சுட்ட வகையாக இருக்கலாம். தண்ணீர் குடிக்காத சுவரில் எவ்வளவு நல்ல சுண்ணாம்பை எவ்வளவு கெட்டிக்காரக் கொத்தனார் அடித்தாலும் சில மாதத்தில் செதில் செதிலாக வந்துவிடும். உங்கள் செலவு கூடுமா குறையுமா என்பதை இந்தக் கிண்ணம் தண்ணீர் பாதிக்கு மேல் சொல்லிவிடும்.

சுவர் ஏன் குடிக்க வேண்டும்? சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் உள்ளே இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. 100 கிலோ சுத்தமான கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகிறது. அதைத் தண்ணீரில் நீற்றினால் கொதித்து, தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதைக் கரைத்துச் சுவரில் அடித்த பிறகு, காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மறுபடி 100 கிலோ கல்லாகிறது. ஆக நீங்கள் சுவரில் அடிப்பது மெல்லிய கல். அது செங்கலின் துளைகளுக்குள் போய்க் கல்லானால்தான் பிடிக்கும். பெயிண்டில் பசை இருக்கிறது, வழவழப்பான இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புக்கு அந்த வசதி கிடையாது. காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான் என்பதால் இந்த வேலை மெதுவாக நடக்கும். நடக்கும் வரை சுவரில் ஈரமும் வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்த சுண்ணாம்பு கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடும். தடவினால் கையோடு வரும் வெள்ளைச் சுவர்களில் பல இப்படிக் காய்ந்து கெட்டவைதான்.

இந்த விஷயம் தெரியாமல் நானே ஒரு சுவரைக் கெடுத்திருக்கிறேன். சுண்ணாம்பை ஈரமாக அடிக்கும்போது ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும். செங்கல் நிறம் அப்படியே தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். ஆரம்ப காலத்தில் அந்தப் பொறுமை எனக்கு இல்லை. மோர் மாதிரி இருந்த கரைசலை மாவு மாதிரி கெட்டியாக்கி, இரண்டே கோட்டில் (சுவர் முழுக்க ஒரு தடவை அடிப்பது ஒரு கோட்டு) முடித்துவிட்டேன். அன்று சாயங்காலம் பளீரென்று இருந்தது. ஒரு வாரத்தில் வாணலி அடியில் காய்ந்த கஞ்சி போல வெடித்து, முதல் மழையில் பாதி தரைக்கு வந்தது. சுரண்டி எடுக்க ஆன கூலி அடித்த கூலியைவிட அதிகம். பால் பதம் என்று பழைய ஆட்கள் சொல்வதை அன்றிலிருந்து மீறியதில்லை. மெல்லிசாக, மூன்று முதல் ஐந்து கோட்டு. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஒரு நாள். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் சுவரை நனைக்க வேண்டும், ஆனால் தண்ணீர் வழிந்து நிற்கக் கூடாது. வெயில் நேராக அடிக்கும் பக்கத்தை விட்டுவிட்டு நிழலைத் துரத்திக்கொண்டு சுற்றி வர வேண்டும். குளிர் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களிலும் மழை வரும் நாளிலும் தொடாமல் இருப்பது நல்லது.

இப்போது செலவுக்கு வருவோம். 40 அடிக்கு 30 அடி, இரண்டு மாடி, 20 அடி உயரம் என்று ஒரு வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 140 அடி, சுவர்ப் பரப்பு 2,800 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 400 கழித்தால் 2,400. நான் கணக்குப் போடும்போது சொரசொரப்பான செங்கலில் ஒரு லிட்டர் கரைசல் ஒரு கோட்டுக்கு 40 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்வேன். முதல் கோட்டு இதைவிட அதிகம் குடிக்கும், கடைசிக் கோட்டு குறைவாகக் குடிக்கும். அப்படிப் பார்த்தால் கோட்டுக்கு 60 லிட்டர், நாலு கோட்டுக்கு 240 லிட்டர். ஒரு பங்கு சுண்ணாம்புப் பசைக்கு (நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் ஊறிய கூழ்) மூன்று பங்கு தண்ணீர் என்றால், பசை 60 லிட்டர்தான். அதாவது மூன்று பெரிய வாளி. முழு வீட்டுக்கும் அவ்வளவுதான் பொருள்! இதைப் பார்த்துத்தான் எல்லோரும் 'சுண்ணாம்பு மலிவு' என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அதே 2,400 சதுர அடியை நாலு தடவை அடிக்கும்போது கை 9,600 சதுர அடிக்கு மேல் ஓடுகிறது. நனைப்பதற்கு அதே நாலு தடவை தனி. சாரம் கட்டினால் அது ஒரு வாரமாவது நிற்க வேண்டும், வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். பொருளுக்கு ஆகும் பணம் இந்தக் கணக்கில் கடைசி வரி. கூலியும் சாரமும்தான் முதல் இரண்டு வரி. நடுவே ஒரு நாள் மழை பெய்தால் அதுவும் உங்கள் தலையில்தான்.

ஆகவே யாரிடமாவது விலை கேட்டால் 'சதுர அடிக்கு எவ்வளவு' என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை கோட்டு, நடுவே எத்தனை நாள், சுவரை நனைப்பது யார், சாரம் இதில் சேருமா, கழுவுவதும் செங்கல்களுக்கு நடுவே உள்ள சந்தைச் சாந்தால் அடைப்பதும் சேருமா என்று கேளுங்கள். இரண்டு கோட்டுக்குச் சொன்ன விலையும் நாலு கோட்டுக்குச் சொன்ன விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதலாவதுதான் மலிவாகத் தெரியும். அது மலிவு இல்லை, பாதி வேலை. அதேபோல 'கரைசலில் என்ன கலப்பீர்கள்' என்றும் கேளுங்கள். ஒட்டுவதற்காக வெள்ளைப் பசையையோ மிச்சமிருக்கும் எமல்ஷனையோ ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. கொஞ்சம் ஒட்டும்தான். ஆனால் துளையை அடைத்துவிட்டால் சுவரின் ஈரம் வெளியே போக முடியாது, சுண்ணாம்பு அடிப்பதற்கான காரணமே போய்விடும்.

ஒரே அளவு வீடுகளில் செலவு இரண்டு மடங்காவது பெரும்பாலும் முன்வேலையில்தான். சுத்தமான செங்கல், சந்துகள் உறுதியாக இருக்கின்றன, தூசி மட்டும்தான் என்றால் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். பாசி இருந்தால் அதைக் கொன்று, காய்ந்த பிறகு தேய்த்து எடுக்க வேண்டும். சந்துச் சாந்து உதிர்ந்திருந்தால் அதை நோண்டி எடுத்து மறுபடி அடைக்க வேண்டும், அது நாள் கணக்கில் போகும் வேலை. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த செங்கலாக இருந்தால், அந்தப் பெயிண்டை எடுப்பதற்கே சுண்ணாம்பு அடிப்பதைவிட அதிகம் செலவாகலாம். அதிலும் மணலைப் பீய்ச்சி அடித்து எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சூளையில் வெந்து இறுகிய மேல்தோல்தான் செங்கலுக்குக் காவல். அது போய்விட்டால் உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதி மழையில் கரைய ஆரம்பிக்கும். அது திரும்பி வராத நஷ்டம்.

ஓதத்தை, அதாவது சுவரில் ஊறி ஏறும் ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அனுப்பிய விவரத்தில் 'அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது' என்று ஒரு வரி இருக்கிறது. அது உப்பு. தரையிலிருந்தோ ஒழுகும் குழாயிலிருந்தோ ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து வெளியே விட்டுவிட்டு ஆவியாகிறது. பெயிண்ட் அடித்தால் அந்த ஈரம் பின்னால் மாட்டிக்கொண்டு பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும் என்பது உறுதி. அதற்காக ஓதத்தைச் சரிசெய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஈரம் வரும் வழியை அடைக்காவிட்டால் உப்பு சுண்ணாம்பையும் உதிர்க்கும், என்ன, பெயிண்ட் மாதிரி தோலோடு வராமல் பொடியாக வரும். அடிப்பதற்கு முன் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். கரைசலில் சாப்பாட்டு உப்பைப் போடச் சொல்வார்கள், ஈரத்தைப் பிடித்துவைத்து மெதுவாகக் காய விடும் என்று. அந்தக் காரணம் சரிதான். ஆனால் ஏற்கெனவே உப்புப் பூக்கும் சுவரில் நாமே கொண்டுபோய் உப்பைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நனைப்பதை ஒழுங்காகச் செய்தால் அது தேவைப்படாது.

பெயிண்டைவிட மலிவா என்றால், முதல் தடவை பெரும்பாலும் இல்லை. பெயிண்டில் பிரைமரும் இரண்டு கோட்டும் போதும், இரண்டு மூன்று நாளில் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பொருள் விலையில் மிச்சம் பிடித்ததைச் சுண்ணாம்பு கூலியில் தின்றுவிடும். வித்தியாசம் இரண்டாம் தடவையில் தெரியும். செங்கல் மேல் அடித்த பெயிண்ட் உரிய ஆரம்பித்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடுத்தது. சுண்ணாம்பு மழையில் மெல்ல மெல்லத் தேயும். மேலே இருக்கும் மாவைத் தட்டிவிட்டு, நனைத்து, ஒன்றிரண்டு கோட்டு அடித்தால் வேலை முடிந்தது. தானே தேய்ந்து செங்கலைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலையும். அமெரிக்காவின் வெள்ளை மாளிகை 1798-இல் முதல்முதலாக வெள்ளையானதும் இதற்காகத்தான். துளைகள் நிறைந்த அதன் மணற்கல் குளிரில் வெடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள், அழகெல்லாம் அப்புறம் வந்த பேச்சு. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் பின்னால் மனது மாறிப் பெயிண்ட் அடிக்க நினைத்தால், மாவாக இருக்கும் பரப்பில் பெயிண்ட் நிற்காது, முதலில் சுண்ணாம்பை எடுக்க வேண்டியிருக்கும். 'வேண்டாம் என்றால் கழுவிவிடலாம்' என்று சொல்வது முதல் சில நாட்களுக்குத்தான் பொருந்தும். கல்லான பிறகு துளைக்குள் போனது அங்கேயேதான் இருக்கும்.

எத்தனை வருடம் நிற்கும்? இதில்தான் நான் கையை விரிக்கிறேன். வெளிச்சுவரில் ஐந்து முதல் ஏழு வருடம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, நான் பார்த்த வரை நியாயமான கணக்கும்கூட. ஆனால் கூரை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் அதையும் தாண்டி நிற்கும். சாரல் நேராக அடிக்கும் பக்கத்தில் மூன்றாம் வருடமே செங்கல் எட்டிப் பார்க்கும். தொழிற்சாலைப் புகை இருக்கும் இடத்தில் இன்னும் சீக்கிரம் போகும். புகையில் இருக்கும் கந்தக டைஆக்சைடு சுண்ணாம்பை ஜிப்சமாக்கிவிடுகிறது, ஜிப்சம் மழையில் எளிதாகக் கரையும். சுவரைப் பார்க்காமல் இத்தனை வருடம் என்று உத்தரவாதம் தருபவரை நான் நம்ப மாட்டேன்.

சுண்ணாம்பைப் பற்றிச் சுற்றிவரும் மற்ற பேச்சுகளில் எது உறுதி, எது அரைகுறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூஞ்சையைக் கொல்லும் என்பது புதுச் சுண்ணாம்புக்கு உண்மை. அதன் காரத்தன்மை pH அளவில் 12-க்கு மேல், அதில் பூஞ்சை பிழைக்காது. கல்லான பிறகு அந்தக் காரம் போய்விடும், நிழலும் ஈரமும் இருந்தால் பாசி மறுபடி வரும். வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் என்பதும் வெள்ளைக்கு உண்மை, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. எத்தனை டிகிரி குறையும் என்பது சுவரின் தடிமனையும் கூரையையும் பொறுத்தது, அதற்கு யாராவது எண் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது பாதி. கல் விட்ட வாயுவைச் சுவர் திரும்ப எடுத்துக்கொள்கிறது, சூளையில் எரித்த எரிபொருளின் புகையை எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் புகாது என்பது மட்டும் தவறு. புகும், ஆனால் திரும்ப வெளியே போகவும் விடும். பாலில் இருந்து எடுக்கும் கேசின், ஆளி விதை எண்ணெய், மாட்டுக் கொழுப்பு எல்லாம் கலக்கும் வழக்கம் உண்டு. கொழுப்பும் எண்ணெயும் மழையைத் தள்ளிவிட உதவும், கூடிப்போனால் துளையை அடைக்கும். எண்ணெய் சேர்த்தால் கடைசிக் கோட்டில் மட்டும், மிகக் கொஞ்சமாக. முதல் கோட்டிலேயே சேர்த்தால் அடுத்தது பிடிக்காது.

நிறம் வேண்டும் என்றால் மண்ணிலிருந்து வரும் நிறங்களே பாதுகாப்பு. காவி, மஞ்சள் காவி போன்ற இரும்பு ஆக்சைடுகள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்யன் நீலம் போன்றவை அதில் செத்துவிடும். வாளியில் பார்க்கும் நிறத்தைவிடக் காய்ந்தபின் பல மடங்கு வெளிறும், ஆகவே ஒரு செங்கலில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு பக்கச் சுவருக்கு வேண்டியதை ஒரே தொட்டியில் கலக்குங்கள். வேலையைப் பாதியில் நிறுத்துவதானால் மூலையில் நிறுத்துங்கள், நடுச்சுவரில் நிறுத்தினால் அந்தக் கோடு கடைசி வரை தெரியும்.

கடையில் 'லைம்வாஷ்' என்று டப்பாவில் வருவதெல்லாம் சுண்ணாம்பு இல்லை. சிலது நிஜச் சுண்ணாம்பு, தண்ணீர் சேர்த்து விற்கிறார்கள், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். சிலது சுண்ணாம்பு மாதிரி தெரியும் அக்ரிலிக் பெயிண்ட். டப்பாவின் பின்பக்கம் அக்ரிலிக், பாலிமர் என்று இருந்தால் அதைப் பெயிண்டாகவே எடைபோடுங்கள். பணம் ஒரு பிரச்சினை இல்லை, அடிக்கடி ஏற முடியாது என்றால் சிலிக்கேட் பெயிண்ட் ஒன்று இருக்கிறது. 1878-இல் ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற வகை. அதுவும் ஈரத்தை வெளியே விடும், சுண்ணாம்பைவிட ரொம்ப காலம் நிற்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

நீங்களே அடிக்கலாமா என்றும் கேட்கத் தோன்றும். தரைத் தளம் வரை தாராளமாக. கூலிதான் பெரிய செலவு என்பதால் மிச்சமும் அங்கேதான். மேல் தளத்துக்கு ஏணியில் நின்றுகொண்டு நாலு கோட்டு அடிக்கும் யோசனை வேண்டாம், அதற்கு ஆளும் சாரமும் வையுங்கள். சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றும் வேலையையும் விட்டுவிடுங்கள், தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். நீற்றித் தூளாக்கிய மூட்டை போதும். மூட்டை புதிதாக இருக்க வேண்டும், பழையது காற்றை இழுத்துப் பையிலேயே கல்லாகியிருக்கும், பிடிமானம் இருக்காது. தண்ணீரில் தூளைப் போடுங்கள், தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, அடிக்கும்போது அடிக்கடி கலக்கிக்கொண்டே இருங்கள். கண்ணாடி, கையுறை இரண்டும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும், 'பார்க்கலாம்' என்று உட்காரக் கூடாது. ஜன்னல் கண்ணாடியையும் அலுமினியச் சட்டத்தையும் மூடிவிடுங்கள், சுண்ணாம்பு அவற்றை அரிக்கும்.

முழு வீட்டைத் தொடுவதற்கு முன் பின்பக்கத்தில் மூன்றடிக்கு மூன்றடி ஒரு சதுரம் எடுத்து, சொன்னபடி நனைத்து, நாலு நாளில் நாலு கோட்டு அடியுங்கள். எத்தனை லிட்டர் குடித்தது, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் சுவருக்கான சரியான கணக்கு அதுதான். இரண்டு வாரம் விட்டு, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். லேசாக வெள்ளை ஒட்டினால் பரவாயில்லை, அது சுண்ணாம்பின் இயல்பு. உதிர்ந்து செங்கல் தெரிந்தால் சாரம் கட்டச் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் தண்ணீரைத் தெளித்து மறுபடி முதல் சோதனையிலிருந்து ஆரம்பியுங்கள்.